சலக் கொப்பியும் பாதி முட்டையும்

வேலையில் இருந்த காலமென்றால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன். ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் அவசரம் இல்லை. அதனால்தான் ஒருநாள் கிணற்றடிக்குப் பின்னால் நின்று சலம் கழித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நுரை நின்றது. சவர்க்கார நுரை மாதிரி வெள்ளையாக, அடர்த்தியாக. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். நுரை இடம் மாறியதே தவிரப் போகவில்லை. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முப்பத்தாறு வருஷம் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்து தலைமைக் கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். விருப்பமில்லாத கடிதத்தைக் கட்டின் அடியில் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிறகு கால் வீங்கியது. பின்னேரத்தில் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் வாய்க்கால் வெட்டியதுபோலக் கிடந்தது. விரலால் அழுத்தினால் குழி விழும்; அது நிரம்புவதற்குள் நான் முப்பது வரை எண்ணிவிடுவேன். அந்தப் பழியை வெயிலின் மேல் போட்டேன். முகமும் வீங்கி அதைத்தபோதுதான் விஷயம் என் கையை விட்டுப் போனது. என் மனைவி பூரணம் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதாற்ற முகம் எண்டு பாருங்கோ."

"வயசு போனால் முகம் மாறும்."

"ஒரு கிழமையிலயோ? கண்ணைத் துறந்து சொல்லுங்கோ, ஏலுமெண்டால்."

கண்ணைத் திறப்பதே சிரமமாக இருந்தது. அதற்கு மேல் வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம் அது. உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடியவர்களில் பாதிப் பேர் திரும்பியிருந்தார்கள். ஊரில் சுவரும் ஓடும் உள்ள கட்டிடங்களில் பலவற்றை யுத்தம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கென்று துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில் கிடுகால் வேய்ந்த நீண்ட கொட்டகை ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாட்டு என்று பெயர். பன்னிரண்டு கட்டில். வாசலில் உட்கார ஒரு வாங்கு. அந்த வாங்கில் நான் காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை இருந்தேன். இடையில் ஒருதரம் விமான ஆபத்துச் சங்கு ஊதியது. நடக்கக் கூடியவர்கள் பதுங்கு குழிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. துணிவு என்று பூரணம் நினைத்தாள். கால் மடங்கவில்லை என்பதுதான் உண்மை.

உள்ளே மருந்து கலக்கும் அப்போதிக்கரி என் சலத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் அதன் மேற்பாதியை மட்டும் சூடாக்கினார். கீழே தெளிவாக, மேலே மோர் மாதிரிக் கலங்கியது. இரண்டு துளி புளிக்காடி போன்ற ஒரு திராவகம் விட்டார். உப்புக்களால் வந்த கலக்கம் என்றால் அத்தோடு கரைந்துவிடுமாம். என்னுடையது கரையவில்லை. இன்னும் தடித்தது. முட்டையின் வெள்ளைக்கரு சூடான எண்ணெய்த் தாச்சியில் விழுந்தால் எப்படி இறுகுமோ, அப்படி என் கண் முன்னால் இறுகியது. அவர் என்னைப் பார்க்காமல் குழாயைக் கழுவத் தொடங்கினார். பார்க்காமல் இருப்பதன் கருத்து எனக்குத் தெரியும். வேலை நீக்கக் கடிதம் கொடுக்கும்போது நானும் அப்படித்தான் மைப்போத்தலைத் துடைப்பேன்.

டொக்டர் இளம் ஆள். யாழ்ப்பாணத்தவர். சீமையில் படித்துத் திரும்பியவரை யுத்தம் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. அவர் விளக்கியது நல்ல விளக்கம். அதை அப்படியே தருகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

"சலம் பிரிக்கிற குண்டிக்காய் ஒரு வடி மாதிரி, ஐயா. ரத்தத்தில இருக்கிற கழிவு அதால வெளியில போகவேணும். சத்து உள்ள நிக்கவேணும். உங்கட வடியில ஓட்டை பெருத்துப்போச்சு. சத்து சலத்தோட போகுது. ரத்தத்தில அந்தச் சத்துக் குறைஞ்சால் தண்ணி ரத்தத்துக்குள்ள நிக்காது. சதைக்குள்ள இறங்கும். அதுதான் வீக்கம்."

"மருந்து?"

அவர் பேனையை மூடினார். "மருந்து எண்டு ஒண்டு இல்லை. சாப்பாடுதான். அதிலயும் ரெண்டு கட்சி இருக்கு. போற சத்தைத் திருப்பிக் குடுக்கவேணும், முட்டை, மீன், பால் எண்டு நிறையக் குடு எண்டு ஒரு கட்சி. நோயாளிக் குண்டிக்காய்க்கு வேலை குடுக்காதை, அந்தச் சத்தைக் குறை, உப்பை அடியோட நிப்பாட்டு எண்டு மற்றக் கட்சி. ரெண்டு பக்கமும் பெரிய ஆக்கள். ரெண்டு பக்கத்திலயும் ஆக்கள் செத்திருக்கினம்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் விட்டிருக்கலாம்.

இந்த வாட்டில் அதைப் பரீட்சித்துப் பார்க்கிறார் என்று சொன்னார். வருகிறவர்களை வந்த ஒழுங்கில் படுக்கவிடுவது. ஒற்றை எண் கட்டிலுக்கு முட்டைச் சாப்பாடு, இரட்டை எண் கட்டிலுக்கு உப்பில்லாச் சாப்பாடு. எட்டுக் கிழமை. அந்த ஐம்பத்தாறு நாளும் யாருக்குச் சத்துப் போவது குறைகிறது என்று அளப்பது. எனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

"எந்தப் பக்கம் நல்லது?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் இவ்வளவு பாடுபடுறன், ஐயா?"

சம்மதம் என்றேன். வேறு எதற்குச் சம்மதிப்பது? எனக்கு விழுந்தது ஆறாம் கட்டில்.

அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடும்போது, அதில் திகதி போட இடமே இல்லை என்று அவருக்குக் காட்டினேன். அவர் என் உத்தியோகம் என்னவென்று கேட்டார். அன்று பின்னேரமே வாட்டின் கணக்குப் புத்தகமான சலக் கொப்பி என் கட்டிலுக்கு வந்தது. அளப்பது வாட்டுத் தாதி மிஸ்ஸியின் வேலை. எழுதுவது என் வேலை. கட்டில் எண், இருபத்துநாலு மணித்தியாலச் சலத்தின் அளவு, குழாயின் எண், கொடுத்த உணவு, மிச்சம். ஐந்து நிரல். கோடுகளை நானே போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மட்டும் பயம் சற்றுக் குறைந்திருந்தது.

குழாய் என்பது கோடு போட்ட தடித்த கண்ணாடி. ஒரு கோடுவரை சலம், அடுத்த கோடுவரை மஞ்சள் மருந்து. மெல்லத் தலைகீழாகப் புரட்டி ஒருநாள் நிறுத்திவைத்தால் சத்து வெள்ளையாக அடியில் படியும். படிந்த உயரத்துக்கு எதிரே உள்ள எண்தான் எங்கள் தலைவிதி. எனக்கு முதல் எண் ஆறு. காலையில் பன்னிரண்டு குழாய்களும் மரத்தட்டில் வரிசையாக வரும்போது பன்னிரண்டு கழுத்துகள் நீளும். சங்கு ஊதினால் மிஸ்ஸி முதலில் காப்பாற்றியது எங்களையல்ல, சலப் போத்தல்களை. "நீங்கள் கட்டிலுக்குக் கீழ போங்கோ, இது சிந்தினால் ஒரு நாள் போச்சு" என்பார். நாங்கள் வீங்கிய உடம்போடு கட்டிலுக்குக் கீழே போக முடியாமல் மேலேயே கிடந்து கூரைக் கிடுகைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அடுத்த ஏழாம் கட்டிலில் காசிம். கிண்ணியாத் துறையில் தோணி ஓட்டுபவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வயிறு நிறையத் தண்ணீர். அவருக்கு அப்பால் எட்டாம் கட்டிலில் இறக்கக்கண்டிக் கணபதி. கரைவலைக்காரர், எதற்கும் சிரிக்க ஒரு பகிடி விடுபவர். ஆக, முட்டைக் கட்டிலில் காசிம். அவருக்கு இரு பக்கமும் உப்பில்லாத நாங்கள் இருவர். டொக்டர் எண்ணைப் பார்த்துப் போட்ட ஒழுங்கு. மனிதர் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று பார்த்துப் போட்டதல்ல.

முதல் நாள் மத்தியானம் காசிமுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு துண்டு மீன், ஒரு கோப்பை பால். துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் முட்டையை விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் டொக்டர் கடற்படைச் சாமான் களஞ்சியத்தில் கெஞ்சி வாங்கியவை. எங்களுக்கு உப்பில்லாக் கஞ்சியும் அவித்த பூசணியும். எங்கள் பக்கத்தில் ஒருவர் முன்னால் சாப்பிடத் தொடங்குமுன் "வாங்கோ சாப்பிடுவம்" என்று சொல்லவேண்டும். மற்றவர் "நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லவேண்டும். அத்தோடு கடன் தீர்ந்தது. காசிம் சொன்னார். நாங்கள் சொன்னோம். அவர் முட்டையைக் கையில் எடுத்தார், திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

"கிளாக்கர் ஐயா, நீங்க அங்கால பாருங்க."

"நான் பார்க்கேல்லை."

"பாக்கீங்க. கணபதி அண்ணனும் பாக்கார். தோணியில ஒரு ஆள் பசியோட குந்தியிரிக்க நான் சோத்துப் பொட்டலம் அவிழ்க்கிறல்ல. எனக்கு எறங்குதில்ல."

கணபதி சொன்னார்: "இறங்காட்டி இஞ்சால அனுப்பும். எனக்கு வாய் பெரிசு."

காசிம் தன் இடுப்புச் சாரத்தின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, ஒரு முட்டையைச் சுற்றி இழுத்தார். கத்தி வைத்தால்கூட அவ்வளவு நேராக வராது. பாதி எனக்கு, பாதி கணபதிக்கு. நான் மறுத்தேன். உணவு ஒழுங்கை மீறுபவர் பெயர் வெட்டப்படும் என்ற விதியைச் சுட்டிக்காட்டினேன். அது சுவரில் ஒட்டியிருந்தது, என் கையெழுத்திலேயே. மூன்று நாள் மறுத்தேன். நான்காம் நாள் வாங்கிவிட்டேன். உப்பும் மிளகும் தொட்டிருந்தது. அந்த ருசி கன்னத்தின் உட்புறத்தில் வலித்தது.

வாங்கியவன் திருப்பிக் கொடாமல் இருக்க முடியுமா? கணபதியின் தங்கை இறக்கக்கண்டியிலிருந்து வரும்போது வெற்றிலைப் பொட்டலத்துக்குள் சுட்ட கருவாடு கொண்டுவருவாள். அது காசிமுக்கு. காசிமுக்குக் கொடுத்தால் எனக்கும். இப்படி ஒரு கிழமைக்குள் வாட்டின் பன்னிரண்டு கட்டிலும் ஒரே கோப்பையில் சாப்பிடாத குறை. டொக்டரின் இரண்டு கட்சியும் எங்கள் வாய்க்குள் சமாதானம் ஆகிவிட்டன.

நான் கொப்பியில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். கொடுத்த உணவு: உப்பில்லாக் கஞ்சி. மிச்சம்: இல்லை. கொடுத்த உணவு: முட்டை இரண்டு, மீன், பால். மிச்சம்: இல்லை. ஒரு எழுத்துப் பொய் கிடையாது. கோப்பைகள் வெறுமையாகத்தான் போயின. யார் வாயில் போயின என்பதற்கு நிரல் இல்லை. உத்தியோகத்தில் இந்த வித்தையை வைத்து எத்தனை கணக்காய்வாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

பூரணம் நாள்தோறும் மத்தியானம் வருவாள். இராணுவ லொறிகள் கிளப்பும் புழுதியில் இரண்டு மைல் நடை. வீட்டிலிருந்து அவள் கொண்டுவர டொக்டர் அனுமதித்தது ஒன்றே ஒன்று: தேசிக்காய்ப் புளி விட்ட உப்பில்லாக் கஞ்சி. உப்பின் குறை தெரியாமல் இருக்க அதில் இஞ்சி தட்டிப் போடுவாள், கறிவேப்பிலை போடுவாள். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அதே கேள்வி.

"இண்டைக்கு எவ்வளவாம்?"

"கொஞ்சம் குறைவு."

குறையவில்லை. ஆறு ஏழானது. ஏழு எட்டானது. காலின் வீக்கம் தொடைக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணை மூன்று வேண்டியிருந்தது. அப்போதும் மத்தியானமானால் என் கண் காசிமின் நூலைத் தேடியது. நோய் ஒருபக்கம் இருக்கட்டும், என் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. பாதி முட்டை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். கருவாடு ஒரு விரல் நீளம்தானே என்று நினைத்தேன். மற்றவர்களும் சாப்பிடுகிறார்களே என்பது எல்லாவற்றிலும் பெரிய ஆறுதல்.

ஐந்தாம் கிழமை கணபதிக்குச் சலம் குறைந்தது. போத்தலில் நாலு விரற்கடை. அடுத்த நாள் இரண்டு. விக்கல் தொடங்கி நிற்கவில்லை. வாயில் சல மணம் அடித்தது. கழிவு ரத்தத்தில் ஏறுகிறது என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு சிறு போத்தலில் ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு ரயிலில் அனுப்பினார். கணபதி அப்போதும் விக்கலுக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"கிளாக்கர் ஐயா, என்ர நிரையில என்ன எழுதப்போறியள்?"

"அளவு குறைவு எண்டு."

"எழுதும், எழுதும். கடலுக்குள்ள நிண்டே காலம் போன மனிசனுக்குத் தண்ணி வத்திப்போச்சு எண்டு எழுதும்."

மறுநாள் காலைச் சாப்பாடு வந்துகொண்டிருக்கும்போது அவர் போனார். மிஸ்ஸி எட்டாம் கட்டிலின் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் துணியால் முகத்தை மூடினார். கொழும்பிலிருந்து ரத்தத்தின் பதில் நான்கு நாள் கழித்து வந்தது. அதைக் கொப்பியில் பதிந்தேன். கணபதியின் நிரையில் அவர் போன நாளுக்கு நேரே மிச்சம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனை நின்றது. அவருக்கு வந்த கஞ்சி அப்படியே இருந்தது. அந்த வாட்டில் முதன்முறையாக மிச்சம் இருந்தது.

அவர் போன அன்று காலை என் குழாய் ஒன்பது காட்டியது.

இதுவரை நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மத்தியானம் பூரணம் வந்தாள். வாசற்படி ஏறும்போது தடுமாறிக் கதவு நிலையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன செய்யுது உமக்கு?"

"ஒண்டுமில்லை. வெயில்."

"பூரணம்."

அவள் கஞ்சிச் சட்டியைத் திறந்தபடி, பெரிய விஷயமில்லை என்பதுபோலச் சொன்னாள்: "நீங்கள் இஞ்ச வந்த அண்டையிலயிருந்து நானும் உப்புத் தொடுறேல்லை. அம்மாளுக்கு நேர்த்தி வைச்சனான். உங்களுக்கு இறங்கிற அண்டைக்குத்தான் என்ர வாயில உப்பு. அதுதான் தலை கொஞ்சம் சுத்துது. வேற ஒண்டுமில்லை, குடியுங்கோ."

முந்திய நாள்தான் கணபதியின் கடைசிக் கருவாட்டுத் துண்டை நான் சப்பியிருந்தேன். பல்லிடுக்கில் அதன் முள் ஒன்று இன்னும் இருந்தது. நாக்கால் தள்ளியும் போகவில்லை. அந்த முள்ளோடு அவளுடைய கஞ்சியைக் குடித்தேன். எவ்வளவாம் என்று அவள் கேட்டாள். ஒன்பது என்று சொன்னேன். சட்டியைக் கழுவ வெளியே போனவள் நெடுநேரம் வரவில்லை.

பின்னேரம் டொக்டர் கொப்பியை எடுத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். இப்படி நோயாளியின் கட்டிலில் உட்காருவது அவர் வழக்கமில்லை.

"ஐயா, உங்கட எழுத்து நல்ல எழுத்து. அதால எனக்கு ஒரு விஷயம் தெளிவாத் தெரியுது. ஒற்றைக் கட்டிலுக்கும் இரட்டைக் கட்டிலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உப்பை நிப்பாட்டினதால ஒரு பிரயோசனமும் இல்லை. எட்டுக் கிழமை வரைக்கும் ஏன் காத்திருப்பான்? திங்கக்கிழமையிலயிருந்து உங்கள் எல்லாருக்கும் முட்டையும் இறைச்சியும். மற்ற வாட்டு டொக்டர்மாருக்கும் இதை எழுதப்போறன். வீணா ஏன் நோயாளியளுக்கு உப்பில்லாமல் குடுப்பான்?"

சொல்லாவிட்டால் எனக்கு எது நல்லது என்று தெரியாமலே திங்கட்கிழமை என் வைத்தியம் மாறும். நான் முகம் காணாத வாட்டுகளிலும் மாறும். சொன்னால் பெயர் வெட்டப்படும். எட்டாம் கட்டில் காலியாகி இன்னும் ஒருநாள் ஆகவில்லை, அதற்குள் வாசல் வாங்கில் மூன்று பேர் வீங்கிய காலோடு இருந்தார்கள். வீட்டுக்குப் போனால் எனக்கு இருப்பது பூரணத்தின் நேர்த்தி மட்டும்தான்.

"டொக்டர், அந்தக் கொப்பி சரியில்லை."

"எது?"

"மிச்சம் எண்ட நிரல்."

"இல்லை எண்டுதானே எல்லா இடமும் போட்டிருக்கிறியள்?"

"ஓம். மிச்சம் இல்லைத்தான். அது பொய்யில்லை. ஆனால் என்ர சாப்பாட்டை நான் மட்டும் சாப்பிடேல்லை. காசிமின்ர சாப்பாட்டைக் காசிம் மட்டும் சாப்பிடேல்லை."

நான் நூலைப் பற்றிச் சொன்னேன். கருவாட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கொப்பியின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் அழகான எழுத்து, நேரான கோடுகள்.

"எப்ப தொடக்கம்?"

"காசிம் முதல் நாளே தொடங்கினார். நான் நாலாம் நாள்."

"நீங்கள் படிச்ச மனிசன்."

"ஓம்."

"பெயர் வெட்டப்படும் எண்டு அந்தக் கடதாசியை எழுதினதும் நீங்கள்தான்."

"ஓம், டொக்டர்."

அப்போது ஏழாம் கட்டிலிலிருந்து காசிம் எழுந்து உட்கார்ந்தார். வயிறு மடியில் இறங்கி நின்றது. "டொக்டர் ஐயா, அவர ஏசாதீங்க. அறுத்துக் குடுத்தது நான். வெட்டுறெண்டா என்ட பேர வெட்டுங்க."

"ஏன் காசிம் காக்கா அப்பிடிச் செய்தனீங்கள்? அது உங்கட மருந்து. மருந்தை ஆரும் பங்கு போடுவினமே?"

"மருந்தெண்டா போத்தல்ல தாங்க, ஐயா. ஒருத்தருக்கும் குடுக்காமக் குடிச்சிருவன். இது சோறு. இங்கால ஒரு மனிசன், அங்கால ஒரு மனிசன், ரெண்டு பேரும் பூசணிக்காயப் பாத்துக்கிட்டிரிக்க நான் முட்டையத் திங்கிறதா? நோயோட செத்தாலும் அந்த வேல எனக்கு ஏலா."

டொக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலியான எட்டாம் கட்டிலைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தோம். அவர் சொன்னது இதுதான்: "கட்டிலை மாறி மாறிப் போட்டது நான்தான்." சிவப்புப் பென்சிலை எடுத்து முதலாம் தாளிலிருந்து அன்றைய தாள்வரை மூலைக்கு மூலை ஒவ்வொரு கோடு இழுத்தார். ஐந்து கிழமை. பிறகு எழுந்து போனார்.

நான் கேட்டேன், அவர் வாசலை அடைவதற்குள். கேட்காமல் இருந்திருக்கலாம். "டொக்டர், கணபதிக்கு... கருவாடோ?"

அவர் நின்றார். "அது இல்லாட்டியும் அவர் தப்பியிருப்பாரெண்டு நான் நினைக்கேல்லை. ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டன், ஐயா."

மறுநாள் யாருடைய பெயரையும் வெட்டாமல் கட்டில்களை இழுத்தார்கள். முட்டைக்காரர்கள் வடக்கு முனை, உப்பில்லாதவர்கள் தெற்கு முனை. நடுவில் மறைப்புக்குத் துணி கேட்டால் யுத்தகாலத்தில் யார் தருவார்? காசிம் தன் மருமகனுக்குச் சொல்லி அனுப்பி, தோணியின் பழைய காற்றுப் பாயைக் கிண்ணியாவிலிருந்து எடுப்பித்தார். கிழிசலைப் படுக்கையில் இருந்தபடியே தைத்து, கயிற்றில் தூக்கிக் கட்டச் சொன்னார். அதற்குப் பிறகு மத்தியானத்தில் பாய்க்கு அந்தப் பக்கமிருந்து "வாங்க சாப்பிடுவம்" என்று ஒரு சத்தம் வரும். "நீங்கள் சாப்பிடுங்கோ" என்று நாங்கள் கத்துவோம். சில நாட்களில் நெடுநேரம் மெல்லும் சத்தமே வராது. "காசிம், விழுங்கும்!" என்று நான் அதட்டுவேன்.

முதல் நாளிலிருந்து மறுபடியும். எட்டுக் கிழமை. நாக்கு மரமானது. பூசணியின் பெயரைக் கேட்டாலே குமட்டியது. சங்கு ஊதிய நாட்களில் குண்டைவிட அடுத்த நாள் குழாய்தான் பெரிதாகத் தெரிந்தது. முதல் இரண்டு கிழமை ஒன்பது அசையவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இதுவா கூலி என்று நினைத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மூன்றாம் கிழமை ஒரு காலை மிஸ்ஸி என் சலப் போத்தலைத் தூக்கினார், இன்னொரு போத்தல் கேட்டார். பின்னேரம் மூன்றாவது. உடம்புக்குள் நின்ற தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. எட்டு, ஏழு, ஐந்து. வீக்கம் வடிந்த தோல் காலில் பழைய சாக்குப்போல மடிந்து தொங்கியது. பூரணம் அதைத் தடவிப் பார்த்தாள். மூன்று என்று சொன்ன அன்று, அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வரும் வழியில் யாரோ கொடுத்த மாங்காய்த் துண்டை உப்புத் தொட்டுத் தின்றதாகச் சொன்னாள். சொல்லும்போது என்னைவிடக் குற்றவாளிபோல முழித்தாள்.

எட்டுக் கிழமை முடிவில் என் குழாயில் இரண்டு. பாய்க்கு அந்தப் பக்கம் காசிமுக்கும் இறங்கியிருந்தது, என்னளவு இல்லை என்றாலும். ஆனால் அதே வடக்கு முனையில் ஒருவருக்கு ஏறியது. எங்கள் முனையிலும் ஒருவருக்கு அசையவே இல்லை. டொக்டர் இரண்டு நாள் கணக்குப் பார்த்தார்.

"உப்பை விட்ட பக்கம் வீக்கம் கெதியா வடிஞ்சிருக்கு. அதை எழுதலாம். சத்துப் போறது ஏன் குறைஞ்சது எண்டு எனக்குத் தெரியாது, ஐயா. பன்னிரண்டு பேர் காணாது. நூறு பேர் வேணும். நோய் தானாகவும் இறங்கியிருக்கலாம்."

"எனக்குத் திரும்பி வருமோ?"

"வரலாம். வராமலும் விடலாம்."

அந்தப் பதிலோடுதான் நான் இப்போது வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். காலையில் இன்னும் நுரையைப் பார்க்கிறேன். பார்ப்பதை நிறுத்துவதில்லை.

நான் வாட்டை விட்டு வருமுன்பே டொக்டரை யுத்தம் வேறு எங்கோ கூப்பிட்டது. போகுமுன் கொப்பியை நல்ல தாளில் பிரதி எடுத்துத் தரச் சொன்னார். கோடு இழுத்த ஐந்து கிழமையையும் விட்டுவிட்டு, பிந்திய எட்டுக் கிழமையை மட்டும் எழுதினால் போதும் என்றார். நல்ல மனிதர். என் பெயரைக் காப்பாற்ற நினைத்தார்.

நான் ஐந்து கிழமையையும் எழுதினேன். கணபதியின் நிரையை முழுதாக எழுதினேன். அதன் கீழே இப்படி எழுதினேன்: "மேலே உள்ள எண்களை நம்பவேண்டாம். உணவு கட்டிலுக்குக் கட்டில் பங்கிடப்பட்டது. எழுதியவர் அதை அறிந்தே எழுதினார்." கையெழுத்திட்டு, பதவி என்ற இடத்தில் ஓய்வு பெற்ற தலைமைக் கிளாக்கர் என்று போட்டேன். சத்தமாக வாசித்தும் காட்டினேன், ஏனென்றால் எழுத்து வாசிக்கத் தெரியாத காசிம் பாயை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"எழுதியவர் மட்டுமா? அறுத்தவர் எங்க?"

"உம்மட பேர் தேவையில்லை, காசிம். கொப்பி என்ர பொறுப்பு."

"முட்டை என்ட பொறுப்பு. மையத் தாங்க, கிளாக்கர் ஐயா."

பேனையின் மையை அவர் பெருவிரலில் தடவினேன். என் கையெழுத்துக்குக் கீழே ஊன்றி வைத்தார். கயிறு பிடித்துத் தேய்ந்த விரல். ரேகை ஒன்றும் சரியாக விழவில்லை. அது யாருடைய விரல் என்று பக்கத்தில் நான் எழுதினேன்.